தரைப்பலகைக்குக் கீழே

கோஸ்கி முனை, மினசோட்டா
22 ஏப்ரல் 1979

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு, அக்கா லெம்பி எழுதுவது.

நான் சௌக்கியம். என் முழங்கால் வலியும் என்னோடு சேர்ந்து சௌக்கியமாகவே இருக்கிறது. அலாஸ்காவில் உன் உடம்பு எப்படி? மீன் தொழிற்சாலை இன்னும் திறக்கவில்லையென்றால் இப்போதாவது நன்றாகத் தூங்கிக்கொள்.

கஸ்டாஃப் லிண்ட் மார்ச் மாதம் இறந்துபோனார். வீட்டைக் காலி செய்ய அவர் மகன் வந்திருக்கிறான். போன செவ்வாய் என் வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினான். "கொட்டகைக்குப் பின்னாடி உங்க வீட்டுக்காரரோட படகு கவுந்து கிடக்குது. வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான். உங்களைக் கேக்காம தூக்கிக் குடுக்க மனசு வரல" என்றான்.

உன் அத்தான் வெய்க்கோவை ஏரி எடுத்துக்கொண்ட அந்த வாரமே, என் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று நான்தான் அதை லிண்டிடம் தள்ளிவிட்டேன். இப்போதும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கொண்டாந்து போடு" என்று வந்துவிட்டது.

அவன் அதை என் கொட்டகையில் இறக்கிவிட்டுப் போனான். மூன்று நாள் நான் கொட்டகைக் கதவைத் திறக்கவில்லை. நாற்பத்து மூன்று வயதுக்காரி, கரடி வாசலில் வந்தபோது துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனவள், ஒரு தகரப் படகுக்குப் பயந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் திறந்தேன். பதினைந்தடி அலுமினியம், முன்னால் விரிசல் விட்ட கண்ணாடி, ஸ்டீயரிங், செதில் செதிலாய் உரிகிற பச்சை வண்ணம். அவ்வளவுதான்.

அதைச் சரிசெய்யப் போகிறேன். நம் ஊர்க் கிழவர் ஸுபான் உதவுகிறேன் என்கிறார். சுரங்கத்தில் சேருமுன் போர்க்காலத்தில் விமான இறக்கைத் தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்தவர். கை இன்னும் நடுங்கவில்லை. ஏன் இந்த வேலை என்று கேட்காதே, தெரிந்தால் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. காலில் ஈரம் தங்க விடாதே.
உன் அக்கா,
லெம்பி


கோடியாக், அலாஸ்கா
6 மே 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இங்கே ஒன்பது நாள் மூடுபனி. விமானம் வராததால் உன் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. முழங்காலுக்குச் சவுனா நீராவி அறையில் உட்கார்ந்து நன்றாக வெந்நீர் ஊற்றிக்கொள்கிறாயா?

அக்கா, அந்தப் படகு உனக்கு எதற்கு? பழைய இரும்புக்காரன் திரும்பவும் வருவான், கொடுத்துவிடு. உன் ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை அது. வீட்டில் அதை வைத்துக்கொண்டு நீ தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொடுக்க மனமில்லையென்றால் வெளியே மட்டும் வண்ணம் பூசி முற்றத்தில் வை. பூச்செடி வைக்கிறார்கள் சிலர். தரைப்பலகையைக் கழற்றாதே. படகின் பலமே அதில்தான் இருக்கிறது. ஒருமுறை எடுத்தால் பழையபடி உட்காராது.

ஸுபானுக்கு என் வணக்கம்.
உன் தம்பி,
ரெய்னோ


கோஸ்கி முனை
27 மே 1979

அன்புத் தம்பிக்கு,

சுகம், உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். ஏரி திறந்துவிட்டது. கொசுவும் வந்துவிட்டது.

உன் பேச்சைக் கேட்கவில்லை; தரைப்பலகையைக் கழற்றிவிட்டோம். மரம் கையோடு பிய்ந்து வந்தது. படகு மிதக்க இருக்கைக்கு அடியில் திணித்திருந்த ஃபோம் பதினோரு வருட ஈரத்தைக் குடித்து ஒவ்வொரு துண்டும் ஒரு குழந்தை கனம் கனத்தது. பின்னிருக்கைக்குக் கீழே உன் அத்தானின் கம்பளிக் கையுறை ஒன்று. இடது கை. கொட்டகை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஸுபான் காபி வைத்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் இருந்தது. முன்பக்கம், தரைப்பலகைக்குக் கீழே, அடித்தகடு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. அதன்மேல் தகரத் துண்டு ஒன்றை வைத்து, எட்டுச் சிறிய போல்ட்டால் முடுக்கி, தார் அப்பியிருக்கிறார்கள். தாரைச் சுரண்டினோம். மஞ்சள் தகரம், அதில் கறுப்பில் 'மெது' என்று பாதி எழுத்து. சாலையோரப் பலகையை வெட்டியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் போல்ட்டுத் தலைகளின் மேல் அழகாகப் பச்சை வண்ணம் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

ஸுபான் படுத்துக்கொண்டே விளக்கு அடித்துப் பார்த்தார். "இது வெய்க்கோ வேலை இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"வெய்க்கோ கோழிக்கூட்டுக்கே நாலு தடவ அளந்து ஆணி அடிக்கிற ஆளு. இது ஏதோ அவசரக்காரன் வேலை. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு பண்ணின வேலை."

உனக்கு ஏதாவது தெரியுமா ரெய்னோ? அவர் போன வருடம் கோடை முழுக்க நீ எங்களோடுதானே இருந்தாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


கோஸ்கி முனை
1 ஜூலை 1979

ரெய்னோ,

நலமா? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சால்மன் மீன் வரத்து நேரம், வேலை கழுத்தை நெரிக்கும், தெரியும். என் கடிதம் வந்ததா என்பதை மட்டும் எழுது. போன் போடச் சொல்லவில்லை. பல வீட்டுக்கும் ஒன்றான எங்கள் பொது லைனில் பேசினால் அடுத்த வீட்டு மார்த்தா மூச்சு விடுவது நமக்கே கேட்கும்.

படகைத் திண்டின்மேல் ஏற்றி உள்ளே தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். ஆறு இடத்தில் ரிவெட் கசிந்தது. சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். அந்த மஞ்சள் ஒட்டு மட்டும் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. "நிக்கிற தண்ணிக்கு எதுவும் தாங்கும். அலையில குதிக்கும்போதுதான் யோக்கியதை தெரியும்" என்றார் ஸுபான்.

பதில் போடு.
அக்கா


கோடியாக்
22 ஜூலை 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். மூடி அடைக்கும் எந்திரத்தில் விரல் நசுங்கிக் கட்டுப்போட்டிருந்ததால் எழுத முடியவில்லை. கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

அந்த ஒட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. லிண்ட் போட்டிருப்பார். படகு கைக்கு வந்தபின் எங்கேயாவது மோதியிருப்பார், ஒட்டியிருப்பார். அவர் கை அப்படித்தான்.

அக்கா, உன்னை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அதை நசுக்கக் கொடுத்துவிடு. நான் இங்கே வந்த நாள் முதல் கரையில் நிற்கிற வேலை தவிர எதையும் ஏற்றதில்லை. துறைமுகத்தில் கட்டியிருக்கிற படகுக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டாலே திரும்பி நடந்துவிடுகிறேன். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

இப்படிக்கு,
ரெய்னோ


கோஸ்கி முனை
30 செப்டம்பர் 1979

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உன் விரல் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமானது. எழுதிய மூன்று கடிதங்களை அடுப்பில் போட்டேன்.

லிண்டின் மகனைக் கேட்டேன். "அப்பா அதைக் கவுத்தி வச்சதோட சரி. செத்தவன் படகுன்னு கிட்டயே போகமாட்டார். எங்களையும் விடமாட்டார்" என்றான். அந்தப் பச்சையும் வெய்க்கோ தன் கையால் கலந்தது. மிச்சம் ஒரே ஒரு டப்பா, நம் கொட்டகையில்தான் இருந்தது. அந்த வருடம் மாவட்டச் சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது யார் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை ரெய்னோ. நீயும் ஒன்றும் எழுத வேண்டாம்.

ஆறு ரிவெட்டையும் மாற்றியாயிற்று. பின்பலகைக்குப் புது மரம் போட்டு, ஸுபானின் பழைய மோட்டாரை மாட்டியிருக்கிறோம். ஒட்டை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஸுபான் கத்தினார். "பதினோரு வருஷம் காஞ்ச தார். அன்னைக்கு இருந்ததவிட இன்னைக்கு மோசமாத்தான் இருக்கும். உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

பிடித்திருக்கலாம். அக்டோபர் பதின்மூன்று சனிக்கிழமை வருகிறது. உன் அத்தான் போன அதே தேதி. வலைக்கும் மீனுக்கும் பதில் மூன்று மூட்டைக் கல்லை ஏற்றிக்கொண்டு, அவர் அன்று வலை இழுக்கப் போன இரட்டைப் பாறை வரை நான் போகப்போகிறேன். அந்த ஒட்டு தாங்குமா தாங்காதா என்று எனக்குத் தெரிய வேண்டும். உன்மேல் கோபத்தால் இல்லை. எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளி உள்சட்டை வாங்கிக்கொள்.
அக்கா


கோடியாக்
13 அக்டோபர் 1979

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் படிக்க நீ இருக்கிறாயா?

மூடுபனி. உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. தேதியைப் பார்த்தேன், தொழிற்சாலை அலுவலகத்துக்கு ஓடினேன், போனைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எத்தனையோ முறைக்கு அப்புறம் யாரோ எடுத்தார்கள், "அக்கா!" என்று கத்தினேன்.

"நீயா ரெய்னோ? நான் மார்த்தா. மணிச் சத்தம் பொறுக்காம எடுத்தேன்."

"அக்கா எங்க?"

"அவ வீட்ல இல்லியே. காலையிலேயே படகை வண்டில கட்டி இழுத்துக்கிட்டுப் போயிட்டா. எங்க வீட்டு ஜன்னலே ஆட்டம் காணுது, அப்படி ஒரு வாடைக்காத்து. அறிவிருக்கா அவளுக்கு?"

"மார்த்தாக்கா, ஓடுங்க. ஓடிப்போய் நிறுத்துங்க."

"எனக்கு எழுபத்தோரு வயசுடா. போய் ரெண்டு மணி நேரம் ஆச்சு."

அப்புறம் லைன் அறுந்துவிட்டது. இப்போது அலுவலக மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒட்டுப் போட்டது நான்தான். 1968 ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நீங்கள் இருவரும் கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். அத்தானைக் கேட்காமல் படகை எடுத்தேன். நகரத்துப் பெண் ஒருத்தி கூட இருந்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க வேகம் கூட்டினேன். ஏரி குறுகுகிற இடுக்குப் பக்கம் தண்ணீருக்குள் இருந்த பாறையில் அடித்தேன். அடித்தகடு வாய் பிளந்துவிட்டது. அன்றும் மறுநாள் காலையும் உட்கார்ந்து ஒட்டினேன். நல்ல ரிவெட் வாங்கிச் செய்ய வேண்டும், அத்தானிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். ஆறு ஞாயிறு போயிற்று. ஏழாவது ஞாயிறுதான் அவர் போனது.

அடக்கம் முடிந்த அன்று சொல்லத்தான் உன்னிடம் வந்தேன். நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "எனக்கு இனிமே நீதான்டா" என்றாய். என் நாக்கு உள்ளே போய்விட்டது. ஜனவரியில் ஊரை விட்டே போய்விட்டேன்.

உன் புருஷனைக் கொன்றவன் நான். உன்னையும் இன்று கொன்றுவிட்டேனோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ரெய்னோ


கோஸ்கி முனை
14 அக்டோபர் 1979

தம்பி ரெய்னோவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நீ போன் செய்தாய் என்று மார்த்தா நேற்று மாலையே ஓடிவந்து சொன்னாள். நான் திரும்ப அழைத்தபோது லைன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் இதையெல்லாம் மார்த்தா கேட்கிற லைனில் சொல்லியிருக்க மாட்டேன்.

பதினோரு வருடத்துக்குப் பின் தண்ணீரில் கால் வைத்தேன். மிதவைச் சட்டையை இரண்டு முறை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். ஸுபான் தன் மரப்படகில் பின்னாலேயே வந்தார், வாயில் கெட்ட வார்த்தை தவிர வேறொன்றும் இல்லை. இரட்டைப் பாறைக்குப் போய் மோட்டாரை நிறுத்தினேன். வலை இழுக்க உன் அத்தானுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அங்கேயே ஆடிக்கொண்டு கிடப்பதென்று எண்ணம்.

சிறிது நேரத்தில் முன்பலகைக்குக் கீழே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது. நீ எழுதினாயே, அந்தச் சத்தம். என் கை ஸ்டீயரிங்கை விட மாட்டேன் என்கிறது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துப் பலகையைத் தூக்கினேன். ஒட்டின் ஓரத்தில் கசிகிறது. காபி டப்பாவால் இறைத்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு டப்பா. இன்னொரு மணி நேரத்தில் இன்னும் இரண்டு. அவ்வளவுதான் ரெய்னோ. நாலு டப்பா.

திரும்பும்போதுதான் அது நடந்தது. காற்று முதுகுப் பக்கம். கல் கனத்தில் பின்பக்கம் அமிழ்ந்திருந்தது. ஒரு அலை எழும்பிப் பின்பலகைக்கு மேலாகவே உள்ளே வந்து என் மடியில் உட்கார்ந்தது. அடுத்ததும் வந்தது. மோட்டார் இருமியது. முழங்கால் வரை பனித்தண்ணீர். டப்பாவால் இறைக்கிறேன், குறையவில்லை.

"கல்லத் தூக்கிப் போடு!" என்று ஸுபான் கத்துகிறார். "லெம்பி! கல்லத் தூக்கி வெளிய போடுடீ!"

போட்டேன். மூன்று மூட்டையையும் போட்டேன். படகு தோளைச் சிலுப்பிக்கொண்டு எழுந்தது. ஸுபான் கயிறு வீசிக் கரைக்கு இழுத்தார். கரையில் வாந்தி எடுத்தேன்.

இப்போது சொல்கிறேன், ஏன் தெரிய வேண்டும் என்றேன் என்று. உன் அத்தான் நான் எழுமுன்பே கிளம்பிவிட்டார் என்று ஷெரீஃபிடமும் உன்னிடமும் ஊராரிடமும் சொன்னேன். பொய். நான் எழுந்திருந்தேன். "காத்து சரியில்ல, நாளைக்கு இழுத்துக்கலாம்" என்றார். போட்ட வலையில் மீன் கெட்டுப்போகிறதே என்று எனக்கு எரிச்சல். "காத்துக்குப் பயப்படுறவனுக்கு வலை எதுக்கு? பாவாடை தர்றேன், கட்டிக்கிட்டு உக்காரு" என்றேன். அவர் உடனே எழுந்து கிளம்பிவிட்டார். காபியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

படகை நாணலில் கண்டெடுத்தபோது வலை முழுக்க மீனோடு உள்ளேயே இருந்ததே, நினைவிருக்கிறதா? நேற்று நான் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல அவர் வலையை வெளியே எறிந்திருந்தால் பிழைத்திருப்பார். வெறுங்கையோடு திரும்பி வர முடியாதபடி நான் பேசி அனுப்பியிருந்தேன்.

அந்த ஒட்டைப் பார்த்த நாளில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'அப்பாடா.' என் தம்பிதான் காரணம் என்று ஆகிவிட்டால் போதும் என்று தோன்றியது. நான் வளர்த்த பிள்ளைமேல் பழி போட்டுத் தப்பிக்கவே தண்ணீரில் இறங்கினேன்.

நாலு டப்பாத் தண்ணீர் படகை எவ்வளவு அமிழ்த்தும் என்று ஸுபானைக் கேட்டேன். தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். "அன்னைக்கு அது இதைவிடக் கம்மியாத்தான் கசிஞ்சிருக்கும்" என்றார். அந்த நகத்தளவுதான் அலையை உள்ளே விட்டதா என்று கேட்டேன். "அதை எவனாலயும் சொல்ல முடியாது" என்றார்.

இதைத் தபாலில் போட எனக்குக் கை வருமா தெரியவில்லை. போட்டுவிட்டால் நீ இனி எழுதமாட்டாய் என்று பயமாக இருக்கிறது.

லெம்பி


கோஸ்கி முனை
21 அக்டோபர் 1979

ரெய்னோ,

உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் வந்தது. என்னுடையது வழியில் அதைக் கடந்துபோயிருக்கும்.

போல்ட்டுகளை அறுத்து ஒட்டை எடுத்துவிட்டேன். கிழிசல் திறந்து கிடக்கிறது. புதுத் தகடு வெட்டித் தயார். ரிவெட் அடிக்க வெளியே ஒரு ஆள், உள்ளே படுத்துக்கொண்டு ஆணிக்குப் பின்னால் இரும்பை அணை கொடுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஸுபானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்கு வேறு யாரும் வேண்டாம்.

உன் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.
அக்கா


டூலூத் பஸ் நிலையம் எதிரே உள்ள ஹோட்டல்
8 நவம்பர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இரண்டு கடிதமும் சட்டைப்பையில்தான் இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். திங்கள்கிழமையே இந்த ஊருக்கு வந்தாயிற்று. உன் வீட்டுக்கு இன்னும் தொண்ணூறு மைல்தான்.

நாலு நாளாகப் பஸ் வருகிறது, போகிறது. டிக்கெட் கையில் இருக்கிறது. நேற்றுப் படியில் காலும் வைத்தேன். "ஏறுறீங்களா இல்லியா?" என்றார் ஓட்டுநர். இறங்கிவிட்டேன். நீ எழுதியதைப் படித்தும் என்னால் முடியவில்லை. உன் வாசலில் நீ என்னைப் பார்க்கிற அந்த முதல் நிமிடத்தை நினைத்தால் கால் ஓடவில்லை. அலாஸ்காவுக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். உன் நாலு டப்பா கணக்கை மனத்துக்குள் எத்தனை முறை போட்டாலும் எனக்கு அந்தச் சுண்டுவிரல் நகம்தான் தெரிகிறது.

கோபித்துக்கொள்ளாதே.
ரெய்னோ


கோஸ்கி முனை
10 நவம்பர் 1979

ரெய்னோ,

கடிதம் இன்று வந்தது. உடனே உன் ஹோட்டலுக்குப் போன் போட்டேன். நீ அறையில் இல்லை என்றார்கள். இருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

திரும்பிப் போகாதே. வியாழக்கிழமை காலைப் பஸ்ஸில் நான் வருகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேராது. பஸ் பதினொன்று நாற்பதுக்கு வந்து சேரும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, உனக்கு இருப்பதில் கொஞ்சமும் குறையாமல்.

நிலையத்துக்குள் வந்து உட்கார்ந்திரு. வாசலைப் பார்த்து உட்கார முடியாவிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார். நான் வந்து தோளைத் தொடுகிறேன்.

அக்கா